உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைச் சங்கமான என்.எஃப்.எல்.லில், சென்ற பருவத்தில் கடைசியாக நின்ற அணிக்கே கல்லூரி வீரர்களுள் முதல்வனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வழங்கும் 'டிராஃப்ட்' என்னும் சம்பிரதாயம் 1936-இல் ஆரம்பமாயிற்று.

ஆட்டத்தின் சூத்திரதாரியாக நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஒருவரின் யோக்கியதையை முன்கூட்டியே நிர்ணயிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு, 1998-ஆம் ஆண்டு டிராஃப்டில் பேட்டன் மானிங்கா, ரயன் லீஃபா என்று ரசிகர்களும் நிபுணர்களும் இரு கட்சியாகப் பிரிந்து தர்க்கித்ததும், முதலாவதாகத் தேர்வான மானிங் 5 முறை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற, இரண்டாமவரான லீஃபோ சில ஆண்டுகளிலேயே களத்தை விட்டு அகன்றதும் தக்க திருஷ்டாந்தமாகும்.

அதனினும் ஆச்சரியம் யாதெனில், 2000-ஆம் ஆண்டில் வேறு ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்வான பின்னர், ஆறாம் சுற்றில், 199-ஆவது ஆளாக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியினர் சேர்த்துக்கொண்ட டாம் பிரேடி என்னும் மெலிந்த இளைஞரே, பிற்காலத்தில் அவ்வணிக்காக 6 முறையும் டம்பா பே அணிக்காக ஒரு முறையும் சங்கத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் பட்டத்தை வென்றார் என்பதுதான்.

2023-இல் அவர் ஓய்வுபெற்ற சமயத்தில், 7 சூப்பர் பௌல் பட்டங்கள் வென்ற அணி ஒன்றுகூட அச்சங்கத்தில் இருக்கவில்லை.