தம் கட்டாதீங்க... பவளப்பாறை பார்க்கலாம்! - தர்மபுரியிலிருந்து ஸ்கூபா கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

தர்மபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனால், தண்ணீர்ப் பழக்கம் நிறையவே உண்டு. ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவர்கள், கோடை விடுமுறையில் முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு விவசாயக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் என ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். கிணற்றுக்குள் மூழ்கி யார் அதிக நேரம் தம் கட்டுகிறார்களோ, அவர்தான் அந்தக் கோடையின் ஹீரோ.

அதே ஹீரோ ஸ்கூபா சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினால், கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விதி தலைகீழாக இருக்கும்: 'எந்தக் காரணத்துக்காகவும் தம் கட்டக் கூடாது!'

அலுவலக நண்பர்கள், கல்லூரிக் குழுக்கள், ஸ்கூபா கிளப்புகள் என்று கூட்டமாகச் சேர்ந்து அந்தமான், லட்சத்தீவுப் பக்கம் பவளப்பாறைகளைப் பார்க்கப் போவது இப்போது அதிகமாகி வருகிறது. இதற்கு வீரம் தேவையில்லை. மூச்சில், மேலே ஏறுவதில், பவளத்தை நெருங்குவதில், ஊர் திரும்புவதில் என எல்லாவற்றிலும் நிதானம்தான் தேவை.

சோடா பாட்டில் சொல்லும் பாடம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே போகும்போதும் காற்றழுத்தத்துக்குச் சமமான ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. அதாவது, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு.

கிணற்றில் குதிப்பவர் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு போகிறார். ஆழத்தில் நுரையீரல் சுருங்குகிறது. மேலே வந்ததும் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஆபத்தில்லை. ஸ்கூபாவில் கதை வேறு. சிலிண்டரில் இருந்து வரும் காற்று, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நுரையீரலை முழுதாக நிரப்புகிறது. அந்தக் காற்றை அடக்கிக்கொண்டு 10 மீட்டரில் இருந்து மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலே கிழியக்கூடும். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில்கூட இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் சீராக மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. முதுகில் தொங்குவது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் இருக்கும் நேரமெல்லாம் இந்த நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். சரசரவென்று ஏறினால், கோலி சோடாவைப் பட்டென்று திறந்ததுபோல உடம்புக்குள் குமிழ்கள் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடிய பிரச்னை இது.

நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் ஏறாமல் இருப்பதும், 5 மீட்டர் ஆழம் வந்ததும் 3 நிமிடங்கள் நின்று வருவதும் இதற்காகத்தான்.

கயிறு பிடிக்க ஒரு மைத்துனர்

தூத்துக்குடி கடலில் முத்துக்குளித்த காலத்தில், கனமான கல்லின் உதவியோடு கடலுக்குள் இறங்குபவரின் கயிறு தோணியில் இருக்கும் ஒருவர் கையில் இருக்கும். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பது அவர் வேலை. உயிரை ஒப்படைக்கும் வேலை என்பதால் மைத்துனரைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வதுண்டு. தங்கை தாலிக்காகவாவது கவனமாக இருப்பார் அல்லவா!

ஸ்கூபாவில் அந்த மைத்துனரின் பெயர் 'படி' (நீரடித் துணைவர்). எத்தனை பேர் போனாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். இறங்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால், மற்றவரிடம் இருக்கும் உபரி மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே மேலே வரலாம்.

தண்ணீருக்குள் பேச முடியாது, கைதான் வாய். இங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் ஊரில் 'சூப்பர்' என்று அர்த்தம். கடலுக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். சூப்பர் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போட வேண்டும். பழக்கதோஷத்தில் கட்டைவிரலைக் காட்டினால், பயிற்சியாளர் பாதியிலேயே மேலே அழைத்து வந்துவிடுவார்.

கூட்டமாகப் போவதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. 'எல்லாரும் இறங்கிட்டாங்க, நீ மட்டும் என்னடா பயந்துக்கிட்டு?' என்ற கேலி. இதற்குப் பயந்து ஆஸ்துமாவை மறைப்பவர்கள், சளியோடு இறங்குபவர்கள் உண்டு. சளி இருந்தால் காது அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, செவிப்பறை பாதிக்கும். இதய நோய், நுரையீரல் பிரச்னை, காது அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் என்று எது இருந்தாலும் உடல்நலப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். குழுவில் யாருடைய வேகம் மிகக் குறைவோ, அதுவே எல்லாருடைய வேகமாக இருக்க வேண்டும். யார் எப்போது 'வேண்டாம்' என்றாலும், ஏன் என்று கேட்காமல் விடுவதுதான் நல்ல குழுவுக்கு அடையாளம்.

எங்கே போகலாம்?

தர்மபுரியில் இருந்து சாலை வழியே போகக்கூடிய ஸ்கூபா தலம் புதுச்சேரி. இங்கே இயற்கையான பெரிய பவளத்திட்டு கிடையாது. கடலடியில் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டுகளில் மீன் கூட்டங்களைப் பார்க்கலாம். பயிற்சி பெற ஏற்ற இடம்.

நிஜப் பவளத்துக்கு இரண்டு முக்கிய இடங்கள். ஒன்று, அந்தமான். பெங்களூரு அல்லது சென்னையில் விமானம் ஏறி ஸ்ரீவிஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்), அங்கிருந்து கப்பலில் ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்) போக வேண்டும். இரண்டாவது, லட்சத்தீவு. இந்தியாவில் பவளத்தாலேயே உருவான வளையத் தீவுகள் இங்கேதான் இருக்கின்றன. கொச்சியில் இருந்து கப்பலிலோ, அகத்திக்கு விமானத்திலோ போகலாம். நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இரண்டு இடங்களுக்குமே மழைக்காலம் முடிந்து கோடை வரையிலான மாதங்கள் ஏற்றவை.

தமிழ்நாட்டிலேயே பவளம் இல்லையா? இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி என்பதால், நினைத்தபடி தீவுகளில் இறங்கவோ மூழ்கவோ முடியாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டதில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

காய்ச்சலில் கிடக்கும் பவளம்

பாறை என்று சொன்னாலும் பவளம் ஓர் உயிரினம். பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிய குடியிருப்பு அது. அந்த உயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் வாடகைக்குக் குடியிருக்கின்றன. வெயிலை வைத்துச் சமைத்து, தங்கள் உணவில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதியும் அவற்றால்தான்.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெளுக்கிறது. உடனே செத்துவிடாது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 என்று இந்தியப் பவளங்கள் மீண்டும் மீண்டும் இந்தக் காய்ச்சலைப் பார்த்திருக்கின்றன. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே லட்சத்தீவில் கடுமையான வெளுப்பை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள்.

உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு முழ உயரத்துக்கு வர அரை நூற்றாண்டுகூட ஆகலாம். செல்ஃபி எடுக்கத் திரும்பும்போது காலில் இருக்கும் துடுப்பு ஒருமுறை பட்டால், கண்ணெதிரே உடைந்துபோகும். கடல் சூட்டை ஒரு குழுவால் குறைக்க முடியாது. அந்த உதையைத் தவிர்க்க முடியும். தொடாமல், மிதிக்காமல், மேலே மிதந்தபடி பார்த்துவிட்டு வருவதே காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர் செய்யக்கூடிய மரியாதை. நினைவுக்காக ஒரு துண்டை எடுத்து வருவது இன்னும் மோசம். பவளம், புலியைப்போலவே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

ஊர் திரும்பவும் அவசரம் வேண்டாம்

தர்மபுரிக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. கடலில் இருந்து வெளியே வந்த பிறகும் உடம்பில் கொஞ்சம் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். உடனே உயரமான இடத்துக்குப் போனால், காற்றழுத்தம் குறைந்து குமிழ்கள் உருவாகலாம். ஒருமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு.

மலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காலையில் புதுச்சேரியில் மூழ்கிவிட்டு, 'வர்ற வழியில ஏற்காடு பார்த்துட்டுப் போயிடலாம்' என்று வேனைத் திருப்பினால், அது 1,500 மீட்டர் உயரம்! தர்மபுரி நகரமே கடல் மட்டத்தில் இருந்து 450 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 300 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களை ஸ்கூபா பயிற்சியில் உயரப் பகுதியாகவே கணக்கில் வைக்கிறார்கள். எனவே, அன்றிரவு கடற்கரை ஊரிலேயே தங்கி, மறுநாள் கிளம்புவது நல்லது.

கிளம்பும் முன்...

* பயிற்சி இல்லாதவர்கள் பயிற்சியாளர் உடன் வரும் அறிமுக ஸ்கூபாவில் அதிகபட்சம் 12 மீட்டர் வரை போகலாம். 'ஓப்பன் வாட்டர்' பயிற்சி முடித்தவர்களுக்கு 18 மீட்டர். குறைந்தபட்ச வயது பொதுவாக 10.

* ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா - பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.

* இறங்கும்போது காது அடைத்தால், மூக்கைப் பிடித்து மென்மையாக ஊத வேண்டும். வலித்தால் மேலும் இறங்கக் கூடாது.

* முதல் நாள் இரவும் இறங்கும் நாளிலும் மது கூடாது. தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும்.

* சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சல் உடை பவளத்துக்கும் நல்லது.

* மூழ்க விரும்பாத பெரியவர்கள் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடியே ஆழம் குறைந்த இடங்களில் பவளத்தைப் பார்க்கலாம்.

* பயணத்தின் கடைசி நாளில் ஸ்கூபா வேண்டாம். அந்த நாள் கரையில் காலாற நடப்பதற்கு!