ஸ்ரீரங்கத்து ஆரோக்கியசாலை முதல் 1939 சட்டம் வரை: ஊருக்கு வைத்தியம் பார்ப்பது யார்?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் திருச்சியில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் பார்க்கலாம். ஒன்று, பெரிய அண்டாவில் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி, போவோர் வருவோருக்கெல்லாம் கொடுப்பது. இன்னொன்று, வீடு வீடாக ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டியையும் பழைய டயரையும் எட்டிப் பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். முதல் காட்சிக்கு பிரமுகர்கள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். இரண்டாவதற்குக் கிடைப்பது பாதி திறந்த கேட்டும், "எங்க வீட்ல அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்ற பதிலும்தான்.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. ஆயுர்வேத மருந்து அல்ல. ஆனால், இங்கே எழும் கேள்வி இரண்டுக்கும் பொது. பாரம்பரிய மருத்துவம் என்றாலே நமக்கு ஏன் கஷாயமும் லேகியமும் மட்டும் நினைவுக்கு வருகின்றன? ஊர்த் தண்ணீர், ஊர்ச் சாக்கடை, ஊர் நிர்வாகம் பற்றி அந்த நூல்கள் எதுவும் சொல்லவில்லையா?

சொல்லியிருக்கின்றன. நன்றாகவே சொல்லியிருக்கின்றன.

சரகர் என்ன சொல்கிறார்?

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க கொள்ளைநோய் பற்றியது. 'ஜனபதோத்வம்சம்' என்று அதற்குப் பெயர். ஊரே அழிவது என்று பொருள். கோடையின் கடைசியில் கங்கைக் கரையில் நடந்துகொண்டே ஆத்ரேயர் தன் சீடன் அக்னிவேசனிடம் பேசுகிறார். சீடனின் சந்தேகம் நியாயமானது. ஆளுக்கு ஆள் உடல்வாகு வேறு, சாப்பாடு வேறு, பலம் வேறு, வயது வேறு. அப்புறம் எப்படி ஒரே நோய் ஒரே நேரத்தில் எல்லோரையும் தாக்குகிறது?

குருவின் பதில்: ஆட்கள் வேறுவேறாக இருந்தாலும் காற்று, நீர், நிலம், காலம் நான்கும் எல்லோருக்கும் பொது. அவை கெட்டால் ஊர் கெடும். கெட்ட நீருக்கு அடையாளமும் சொல்கிறார். நிறம், மணம், சுவை மாறியிருக்கும். நீர்ப்பறவைகள் விட்டுப் போயிருக்கும். கெட்ட நிலத்தில் கொசு, ஈ, எலி பெருகியிருக்கும்.

இதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. இந்த நான்கும் ஏன் கெடுகின்றன என்று சீடன் கேட்கிறான். நாட்டுக்கும் நகரத்துக்கும் தலைமை வகிப்பவர்கள் அறம் தவறி நடக்கும்போது, அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள், ஊர்க்காரர்கள், வியாபாரிகள் எல்லோரும் அதையே வளர்க்கிறார்கள். அங்கேதான் கேடு தொடங்குகிறது என்கிறார் ஆத்ரேயர். அதே அத்தியாயத்தில் தேவர்கள் கைவிடுவதும், அரக்கர் கூட்டம் தாக்குவதும்கூட வருகின்றன. எனவே சரகர் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மார்தட்ட இடமில்லை. ஆனால், கொள்ளைநோய்க்கு நிர்வாகத்தையும் பொறுப்பாக்கும் ஒரு மருத்துவ நூல் நம் கையில் இருக்கிறது. இதை எத்தனை பேர் எடுத்துப் பேசுகிறார்கள்?

கோயிலுக்குள் ஒரு மருத்துவமனை

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் தன்வந்திரி சன்னதியை எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. அந்த சன்னதிக்குப் பின்னால் ஒரு மருத்துவமனையின் கதை இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில், பக்கத்துக் கண்ணனூரில் ஹொய்சளர்கள் தங்கி ஆண்ட காலத்தில், கோயில் வளாகத்தில் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. பொறுப்பு கருடவாகன பட்டர் என்ற மருத்துவரிடம் இருந்தது. 14-ம் நூற்றாண்டுப் படையெடுப்பில் கோயிலோடு சேர்ந்து அதுவும் சிதைந்தது. பிறகு சக ஆண்டு 1415-ல், அதாவது கி.பி. 1493-ல், அதே கருடவாகன பட்டர் என்ற பெயரைத் தாங்கிய ஸ்ரீநிவாசர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, தன்வந்திரியையும் பிரதிஷ்டை செய்தார் என்கிறது கல்வெட்டு.

இப்படிப்பட்ட இடங்கள் எப்படி நடந்தன என்பதற்குத் திருமுக்கூடல் கல்வெட்டு நல்ல சாட்சி. வீரராஜேந்திர சோழன் காலத்து அந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்று கூலி நிர்ணயம். மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் கல்லில் இருக்கிறது. மருத்துவர் கைராசிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. நெல் அளப்பவரும் தண்ணீர் சுமப்பவரும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அறநிலையமும் சுகாதாரமும் ஒரே கையில்

ஸ்ரீரங்கத்தில் 1880-ல் பிறந்த டி.எஸ்.எஸ். ராஜன் ஆங்கில மருத்துவர். லண்டனில் படித்தவர். அங்கேதான் வ.வே.சு. ஐயருடனும் சாவர்க்கருடனும் பழக்கம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பியது, திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான். 1937-ல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் இவருக்குக் கிடைத்தவை பொதுச் சுகாதாரமும் அறநிலையமும். ஆரோக்கியசாலை இருந்த ஊர்க்காரருக்கு அந்த இரண்டு துறைகளும் சேர்ந்து வந்தது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

அவர் அமைச்சராக இருந்தபோது வந்தது 1939-ம் ஆண்டின் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இப்படி முழுமையான சுகாதாரச் சட்டம் அதற்கு முன் இல்லை. குடிநீர், கழிவுநீர், கழிப்பிடம், தொற்றுநோய், கொசு ஒழிப்பு எல்லாம் அதில் உண்டு. திருவிழாக்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் ஸ்ரீரங்கத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, திருவிழா முடிந்ததும் காலரா கிளம்புவது புத்தகச் செய்தியாக இருந்திருக்காது. நகராட்சிகள் தங்கள் வருவாயில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. நிதியைப் பற்றிப் பேசாத சட்டம் சும்மா ஒரு தாள்தானே!

2020-ல் கொரோனா வந்தபோது, முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்கத் தமிழக அரசு திருத்தியது இந்தச் சட்டத்தைத்தான். இன்று வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளருக்குப் பின்னால் நிற்பதும் இதே சட்டம்தான்.

ஆராய்ச்சி எந்தப் பக்கம் போனது?

அதே காலகட்டத்தில் சென்னை மாகாணத்தில் நாட்டு மருத்துவம் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. டாக்டர் கோமன் நாட்டு மருந்துகளைச் சோதித்து, வைத்திய முறைகளை மட்டம் தட்டி அறிக்கை கொடுத்தார். வைத்தியர்கள் கொதித்தார்கள். முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1923-ல் ஆயுர்வேத, சித்த, யுனானி முறைகளுக்கு ஆதரவாக அறிக்கை தந்தது. அதன் செயலாளராக இருந்த கேப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தியே பிறகு சென்னையில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளிக்கு முதல்வரானார். வைத்தியத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கேள்வி அப்போதே குறுகிவிட்டது: 'இந்த மருந்து வேலை செய்யுமா, செய்யாதா?' அந்தக் கேள்வி தேவைதான். அது மட்டும் போதாது.

ஒரு சின்ன உதாரணம். ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வந்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். மண்டி அடியில் தங்கிவிடும். சுஸ்ருத சம்ஹிதையும் நீரைத் தெளியவைக்க இதைச் சொல்கிறது. ஆனால், தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. காலரா கிருமி கண்ணுக்குத் தெரியாது. தேத்தாங்கொட்டையால் எவ்வளவு கிருமி குறைகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு குளோரின் போதும் என்று ஒருவர் அளந்து சொன்னால், அது நகராட்சிப் பொறியாளருக்கும் பயன்படும் ஆயுர்வேத ஆராய்ச்சி. ஆயுர்வேதப் பட்டப்படிப்பில் 'ஸ்வஸ்தவிருத்தம்' என்று ஒரு பாடமே இருக்கிறது. நீர், காற்று, கழிவு எல்லாம் அதில் படிக்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால், மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் அவர்களுக்கு என்ன வேலை?

கல்மந்தை செய்தது என்ன?

திருச்சியில் மருந்து இல்லாமலே ஒரு வைத்தியம் நடந்தது. கல்மந்தை குடிசைப் பகுதியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, பொதுக் கழிப்பறையைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். கிராமாலயா தொண்டு நிறுவனம் துணை நின்றது. சின்னக் கட்டணம், கணக்குப் புத்தகம், சுத்தம் செய்ய ஆள், முறை வைத்துக் காவல். 2002-ல் திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப் பகுதியாக அது அறிவிக்கப்பட்டது. பிறகு நகரத்தின் மற்ற பகுதிகளுக்கும் இந்த முறை பரவியது. 2016 தூய்மைக் கணக்கெடுப்பில் திருச்சி நாட்டிலேயே 3-வது இடம் பிடித்ததை எல்லோரும் கொண்டாடினார்கள். அதற்கு முன்பே இந்தப் பெண்கள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படியானால் கஷாயம் வேண்டாமா? அப்படி இல்லை. காய்ச்சல் கண்டவர் மருத்துவர் சொன்னபடி குடிக்கட்டும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீர் தேங்கும் பாத்திரத்தில் முட்டையிடுகிறது. கஷாயம் கொடுத்த வார்டு, தொட்டிகளை வாராவாரம் கழுவவைத்த வார்டு, இரண்டும் செய்த வார்டு என்று பிரித்துக் கணக்கு எடுத்து, எங்கே எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று பக்கத்தில் எழுதினால், ஒரே மழைக்காலத்தில் பாதி விவாதம் தீர்ந்துவிடும். பணியாளர் இருக்கிறார், சட்டம் இருக்கிறது, ஆயுர்வேத, சித்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை எழுத மாநகராட்சி ஒரு பதிவேடு திறந்தால் போதும்.