சொல்லக் கூசும் வியாதி. சொல்லாததால் போகும் பென்ஷன்

பட்டாளத்துக்காரர் என்றதும் முறுக்கு மீசையும் தகரப் பெட்டியும்தான் நம் கண் முன் வருகின்றன. பதினைந்து, பதினேழு வருஷம் எல்லையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவருக்குத் தாம்பத்திய வாழ்க்கையில் ஒரு குறை இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அவரும் வாய் திறப்பதில்லை. மனைவி கேட்பதில்லை. பட்டாளத்திலிருந்து விடை கொடுத்து அனுப்பும் கடைசி மருத்துவப் பரிசோதனையில், "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று டாக்டர் கேட்டால், "ஒன்றுமில்லை சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்களே அதிகம். அந்த "ஒன்றுமில்லை" என்ற ஒரு வார்த்தை பின்னால் மாதா மாதம் பணத்தில் இடிக்கும்.

மறையூர், காந்தலூர் பக்கம் இப்படித் திரும்பி வந்து கரும்புக் காட்டையோ சிறு கடையையோ கவனித்துக் கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ஒரு பக்கம் சின்னார்க் காட்டைத் தாண்டி உடுமலைப்பேட்டை. மறுபக்கம் மூணாறு ஏறி, அடிமாலி வழியே கோதமங்கலம். இரண்டுமே ஒரு நாள் வேலையைக் கெடுக்கும் தூரம். எளிதில் கிடைப்பது லேகியம்தான். "இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் முகாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பென்ஷன் பணத்தைக் கொட்டியவர்கள் எத்தனை பேரோ! லாட்ஜ் வைத்தியர் சர்க்கரையும் பார்ப்பதில்லை, ரத்தக் கொதிப்பும் பார்ப்பதில்லை.

வேர் வேறிடத்தில்

ஆண்மைக் குறைவு பெரும்பாலும் தனி வியாதி அல்ல, வேறொன்றின் அறிகுறி. நீரிழிவு வருஷக்கணக்கில் நீடித்தால் நரம்பும் ரத்தக் குழாயும் கெடுகின்றன. அதன் விளைவுகளில் இதுவும் ஒன்று. (வெல்லம் காய்ச்சும் வாசனை வீசும் ஊரில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுகிறோம், மன்னிக்கவும். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது.) ரத்தக் கொதிப்பு, முதுகுத் தண்டில் பட்ட அடி, போர்க்கள அதிர்ச்சியால் வந்த மனச் சோர்வு ஆகியவையும் காரணமாகலாம். அவற்றுக்குத் தரப்படும் மாத்திரைகளில் சிலவும் இந்தக் குறையை உண்டாக்கும்.

இன்னொன்றையும் டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த உறுப்புக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு அங்கே முதலில் தெரியும். மாரடைப்பு சில வருஷம் கழித்து வரும். ஆகவே இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. 1998-ல் வந்த சில்டெனாபில் மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் சரக்கல்ல அது.

அங்கே எப்படி, இங்கே எப்படி?

அமெரிக்கச் சர்க்கார் இதில் கூச்சப்படுவதில்லை. வியட்நாம் காட்டில் இலையுதிர்க்க "ஏஜெண்ட் ஆரஞ்சு" என்ற விஷம் தெளிக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய சிப்பாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்று 2001-ல் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நீரிழிவால் ஆண்மை குன்றினால், ஊனக் கணக்கில் பெரும்பாலும் சைபர் சதவீதம்தான் எழுதுவார்கள். ஆனால் இனவிருத்தி உறுப்பின் பயனை இழந்ததற்கென்று மாதம் 130 டாலருக்கு மேல் தனிப் படி உண்டு.

நம் நாட்டில் அப்படித் தனிப் படி இல்லை. இங்கே ஊன பென்ஷன் மூல வியாதிக்குத்தான். அது ராணுவ சேவையால் வந்ததாகவோ, சேவையால் முற்றியதாகவோ இருக்க வேண்டும். ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 19 என்று எழுதிவிட்டால் சாதாரணமாக விண்ணப்பம் தள்ளுபடிதான். நீரிழிவோ முதுகுக் காயமோ எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பதற்கு ஆண்மைக் குறைவு ஒரு சான்று. அது காகிதத்தில் ஏறாவிட்டால், வியாதி லேசானது என்றே போர்டு கணக்கிடும்.

பணம் எவ்வளவு? முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 20-க்கு மேல் 50-க்குக் கீழ் உள்ள ஊனத்தை 50 ஆக உயர்த்திக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது இடையிலேயே வியாதிக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, முழுக்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருந்தும் என்று 2014 டிசம்பரில், ராம் அவ்தார் வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொன்னது. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், 20 சதவீத ஊனத்துக்கு மாதம் 6,000 ரூபாய். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளிவருகிறவர்களுக்குப் புதிய விதிகள். அவர்கள் அதைத் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

"இது பணியால் வந்ததல்ல" என்று போர்டு ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கும் அதுவே நேர்ந்தது. 1985-ல் சேர்ந்தவர், ஒன்பது வருஷத்துக்கு மேல் பணிபுரிந்தபின் வலிப்பு நோய்க்காக அனுப்பப்பட்டார். சேரும்போது வியாதி இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2008 விதிகளில் இந்தச் சலுகை சுருக்கப்பட்டது. அப்படியிருந்தும், போர்டு காரணம் காட்டியே ஆக வேண்டும் என்று 2025-ல் டில்லி ஹைகோர்ட் ஒரு நீரிழிவு வழக்கில் கூறியிருக்கிறது. அமைதியான ஊரில் பணிபுரிந்தபோது வந்தது என்பது மட்டும் மறுக்கப் போதுமான காரணம் அல்லவாம்.

குமாஸ்தா அன்பர்களுக்கு

ஊரில் நாலு எழுத்து தெரிந்தவர் நீங்கள் என்றால், அந்தக் காகிதக் கட்டு ஒருநாள் உங்களிடம்தான் வரும். முதலில் பார்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகமும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கையும். அறிக்கை கையில் இல்லையென்றால், அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். அதில் நீரிழிவோ முதுகுக் காயமோ இருந்து, "பணியால் அல்ல" என்று மட்டும் கண்டிருந்தால் அப்பீலுக்கு இடமுண்டு. இப்போதைய நிலைக்கு ஒரு நல்ல டாக்டரிடம் சான்று வாங்கச் சொல்லுங்கள். அவர் கூச்சப்பட்டால், வெளியே பேச வேண்டாம், டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் உங்களோடு நிற்க வேண்டும். டீக்கடைக்குப் போகக் கூடாது.

"இருபது வருஷம் ஆகிவிட்டதே" என்பார்கள். 1983-ல் வெளிவந்து 1999-ல் கோர்ட்டுக்குப் போன தர்சேம் சிங்குக்கு, தாமதத்தால் உரிமை போகவில்லை என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஆனால் பாக்கிப் பணம், வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான்.

முதலில் துறைக்குள்ளேயே அப்பீல். அதிலும் பலனில்லையென்றால் ஆயுதப்படை டிரிப்யூனல். ஓய்வு பெற்றவர் தாம் குடியிருக்கும் இடத்துக்குரிய பெஞ்சிலேயே மனுப் போடலாம். மறையூரில் இருப்பவருக்குக் கொச்சி. சின்னார்ச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், உடுமலையில் குடியேறிவிட்டவருக்குச் சென்னை.