கை நீட்டும் பிள்ளைகள்

"உங்கள் மகன் இன்று இன்னொரு பிள்ளைக்கு அடித்துவிட்டான்" என்று பாடசாலையிலிருந்து செய்தி வந்தால், நம்மில் பலர் செய்வது என்ன? வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு இரண்டு அடி போடுகிறோம். "அடியாத மாடு படியாது" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். இதனால் பிள்ளை திருந்துகிறதா என்பதைப் பெற்றோர் சற்றுச் சிந்தித்தல் நன்று.

அடிப்பதைப் பிள்ளை பாடசாலையில்தான் பழகுகிறது என்பது முழு உண்மையன்று. கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் டிராம்பிளே, பிள்ளைகள் அதிகமாக அடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதிலேயே என்று காட்டினார். பின்னர் பேச்சு வளர வளர, பெரும்பாலான பிள்ளைகள் கையை அடக்கப் பழகிக்கொள்கின்றன. சில பிள்ளைகள் மட்டும் ஏன் பழகுவதில்லை?

அமெரிக்க அறிஞர் ஜெரால்ட் பாட்டர்சன் 1982இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கடையில் பிள்ளை இனிப்புக் கேட்கிறது, தாய் மறுக்கிறார். பிள்ளை கத்தி உதைக்கிறது; தாய் வெட்கப்பட்டு வாங்கிக் கொடுக்கிறார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை அறிகிறது. மறுநாள் தந்தை அடிக்கிறார், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்று தந்தை நம்புகிறார். இவ்வாறு இரு பக்கமும் பலம் கூடிக்கொண்டே போகிறது. அதே வழக்கத்தைப் பிள்ளை வகுப்பறைக்கும் கொண்டு செல்கிறது.

நாம் வாழும் இந்த லண்டனிலேயே, 1961இல் டொனால்ட் வெஸ்ட் என்பவர் தெற்கு லண்டனைச் சேர்ந்த எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர் 411 பேரைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். டேவிட் ஃபாரிங்டன் அதைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் பிணக்கு, கவனிப்பின்மை, கடுமையான தண்டனை ஆகியவற்றிடையே வளர்ந்த சிறுவர்களே பிற்காலத்தில் வன்செயலில் ஈடுபடும் வாய்ப்பு அதிகம் எனத் தெரியவந்தது. ஆயினும், அப்படி வளர்ந்தவர்களிலும் பலர் நல்லவர்களாகவே வாழ்ந்தனர்.

ஆகவே, அடுத்த முறை செய்தி வந்தால் முதலில் பிள்ளையிடம் நடந்ததைக் கேளுங்கள். நிறத்தையோ பெயரையோ சொல்லி யாரேனும் கேலி செய்தார்களா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் ஆசிரியரிடம் நேரில் சென்று பேசுங்கள். அதே வேளை, அடித்தது பிழை என்பதையும் அமைதியாக, உறுதியாகச் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால் இல்லை என்றே நில்லுங்கள். அடக்கமாய் நடந்த நாளில் மனமாரப் பாராட்டுங்கள்.

அடிக்காதே என்று சொல்லிக்கொண்டே நாம் அடித்தால், பிள்ளை நம் சொல்லையா நம்பும், கையையா நம்பும்?