இரத்தம் உறைதற்கும் ஒரு முத்திரைப்படி

முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் நம் கம்பம் பள்ளத்தாக்கில், களத்துமேட்டு வழக்குகளுள் படி வழக்கும் ஒன்று. முன்னாளில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் படி வேறாயிருந்தது. ஓரூரில் பத்துப் படியென்று அளந்த நெல் மற்றோரூரில் ஒன்பதாகும். நெல் குறைந்ததன்று, படி பெரிதாயிற்று. இவ்வழக்கொழியவே முத்திரைப்படி வேண்டியதாயிற்று. மருந்துலகிலும் இத்தகைய படி வழக்கொன்று நிகழ்ந்ததுண்டு.

நம் இரத்தத்தில் கரைந்துள்ள பைப்ரினோஜன் என்னும் பொருளைத் திராம்பின் என்னும் என்ஸைம் நூலாக மாற்றுகின்றது. அந்நூல்வலையாலேயே இரத்தம் உறைகின்றது. வயல் வரப்பில் கண்ணாடி விரியன் தீண்டினால், அதன் நஞ்சு திராம்பினை அளவிறந்து தோற்றுவிக்கும். பைப்ரினோஜன் வீணே செலவாகித் தீர்ந்துபோம். பின்னர் இரத்தம் உறையாது. மருத்துவர் 2 மில்லி இரத்தத்தைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு, 20 நிமிடம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இதனை அறிதற்கே. நுணுகி அறிய வேண்டின், பிளாஸ்மாவில் அளந்த திராம்பினைச் சேர்த்து உறையும் நேரத்தைக் கணிப்பர்.

அத்திராம்பினை அளப்பது எங்ஙனம்? தராசு உதவாது, வேண்டப்படுவது எடையன்று, தொழிலே. ஆதலின், குறித்த பைப்ரினோஜன் கரைசலை 15 நொடியில் உறைவிப்பது ஓர் அலகு என்றாற்போல வகுத்தனர். ஆயினும் கரைசலும் வெப்பமும் மாறின் நொடியும் மாறுமன்றோ? ஆகவே ஒரு திராம்பினை மூலப்படியாகப் பேணி, ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டனர்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தார்க்கு ஒரு மூலப்படியும், உலக சுகாதார நிறுவனத்தார்க்கு மற்றொரு மூலப்படியும் இருந்தன. ஒன்றாக எண்ணப்பட்ட இவற்றின் அலகுகள் நாளடைவில் விலகின. ஒன்றில் நூறலகு என்பது மற்றதில் நூறாக நில்லாதாயிற்று. அறுவைப் புண்ணில் இரத்தப்போக்கை நிறுத்தத் திராம்பினையே மருந்தாக இடுதலும் உண்டாதலின், இது சிறு குறையன்று. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரிகளை அளந்து ஒப்புநோக்கின. 2005-இல் வெளியான அவ்வாய்வின் பயனாக இருவகை அலகும் ஒன்றாக்கப்பெற்றன.

அளப்பவன் நேர்மையுடையனாதல் மட்டும் போதாது. அவன் கைப்படியும் பிறர் படியோடு ஒத்தல் வேண்டும். களத்தில் படி பிழைத்தால் ஒரு குடும்பத்தின் கஞ்சி குறையும். மருந்தில் பிழைத்தால் குறைவது யாதென யாம் சொல்லவும் வேண்டுமோ?