தோற்றாலும் திரும்பத் திரும்ப ஏன் விளையாடுகிறார்கள்?

எங்கள் வீட்டில் இரவு பத்து மணியளவில் ஒரு சத்தம் வழமையாகக் கேட்கும். "இனிமேல் இந்த கேம் பக்கமே போகமாட்டேன்!" சாதாரண தரத்துக்குப் படிக்கும் என் மகன் ஃபோனைக் கட்டிலில் வீசுவான். மறுநாள் அதே நேரம், அதே கூட்டாளிமாரோடு, அதே உதைபந்தாட்ட கேமில் இருப்பான். ஒருநாள் கோபத்தில் ஃபோனைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். "கேம் இல்லாட்டிப் பரவாயில்ல வாப்பா. நான் இல்லாம அவங்க வேற ஆளச் சேத்துக்குவாங்க" என்று அழுதான். அன்றுதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமலில்லை. இணையவழி ஆட்டத்தில் விரல் அழுத்தும் ஒவ்வொரு கட்டளையும் வலையமைப்பு வழியே பயணித்தே மற்றவரைச் சென்றடைகிறது. சிக்னல் தடுமாறினால், பந்து போன பிறகே கால் அசையும். திறமை இருந்தும் தோற்கிறோம் என்ற ஆத்திரம் அங்கேதான் பிறக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் விடுவதில்லை? வெகுமதி எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் உயிரினங்கள் விடாமல் முயலும் என்பதை ஸ்கின்னர் பரிசோதனைகளில் காட்டினார். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த பாடம்தான் அது. நான்கு தோல்விக்குப் பிறகு வரும் ஒரு கடைசி நிமிட கோல், ஐந்தாவது ஆட்டத்துக்கும் இழுத்துச் செல்கிறது.

ஆனால் அது மட்டுமல்ல. ரிச்சர்ட் ரயன் உள்ளிட்ட உளவியலாளர்கள் வீடியோ கேம்கள் குறித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டத்தின் ஈர்ப்பை மூன்று தேவைகளோடு இணைக்கிறது: நானே தீர்மானிக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு உள்ள பிணைப்பு. தோல்வி இரண்டாவதைக் காயப்படுத்தினாலும் மூன்றாவது அப்படியே நிற்கிறது. திட்டிக்கொள்வதும் கேலி செய்வதும் கூட நட்பின் பகுதிதான். கெரம் போட்டில் சண்டை பிடித்து எழும்பிய நாமும் மறுநாள் அதே பலகையைச் சுற்றி உட்காரவில்லையா?

இரண்டு இடங்களில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். முதலாவது, உள்ளே யார் இருப்பார் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் வீரர் 'பெக்'குகள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் இவ்வகை விற்பனையைச் சூதாட்டம் எனத் தீர்மானித்தது. 2019 ஜனவரியில் ஈஏ நிறுவனம், பெக் வாங்க உதவும் 'பீபா பொயின்ட்' விற்பனையை அங்கு நிறுத்தியது. இரண்டாவது, எல்லை மீறுதல். கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கு முன்னுரிமை கொடுப்பது, பாதிப்பு வந்தும் தொடர்வது, இவை வழக்கமாக 12 மாதங்களாவது நீடிப்பது ஆகியவற்றையே உலக சுகாதார ஸ்தாபனம் 'கேமிங் கோளாறு' என்கிறது. இரவில் ஒரு மணிநேரம் கூட்டாளிமாரோடு கத்துவதை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். நிபந்தனைகள் இரண்டு: காசு போடக் கூடாது, தொடங்கிய மெட்ச் முடிந்ததும் எழும்ப வேண்டும். மெட்ச் நடுவில் இழுத்து எடுப்பதில்லை என்று நானும் வாக்குக் கொடுத்தேன். பாதியில் போனால் அவனது கூட்டாளிதானே தனித்துப் போவான்.

பெற்றோரே, "எவ்வளவு நேரம் விளையாடுகிறாய்?" என்று கேட்கும் முன், "யாரோடு விளையாடுகிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறந்து பேசும்.