அபராதம் கட்டினாலும் லாபம்தான்! - ஆற்றுக்கு வேட்டு வைத்த 500 டாலர் கணக்கு

‘ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம்!’ - இது அரசின் உத்தரவு. விவசாயிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். லாரியில் தண்ணீர் வாங்குவதைவிட அபராதம் மலிவு. பம்புகள் ஓடத் தொடங்கின.

2022 ஆகஸ்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓடும் ஷாஸ்டா ஆற்றில் நடந்தது இது.

ஷாஸ்டா சின்ன ஆறுதான். மலை ஊற்றுகளால் ஓடுவது. கரையெல்லாம் மாட்டுப் பண்ணைகளும் புல்வெளிகளும். கடலிலிருந்து கிளாமத் ஆற்றின் வழியே நீந்தி வரும் சால்மன் மீன்கள் இங்கேதான் முட்டையிடும். அந்த மீனை நம்பி வாழ்பவர்கள் கரூக், யுரோக் பழங்குடியினர்.

வறட்சி முற்றியதால், ஆற்றில் விநாடிக்கு 50 கன அடி தண்ணீராவது ஓட வேண்டும் என்று மாநில நீர்வள வாரியம் சொல்லியிருந்தது. பண்ணைக்காரர்களுக்கோ குட்டைகள் வறண்டுவிட்டன, மாடுகள் தவித்தன. அவர்கள் ஒளிந்து மறைந்து திருடவில்லை, வாரியத்துக்குச் சொல்லிவிட்டே எடுத்தார்கள். 8 நாள்கள். ஆற்றின் ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது.

வாரியம் நினைத்தாலும் உடனே பம்பை நிறுத்த முடியாது. நோட்டீஸ் அனுப்பி, 20 நாள் அவகாசம் தந்த பிறகே கடுமையான நடவடிக்கை. கடைசியில் விதித்த அபராதம் 4,000 டாலர். பண்ணைக்காரர்கள் பகிர்ந்துகொண்டபோது தலைக்குச் சுமார் 50 டாலர்தான். ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிட்டால் வரும் பில்!

கலிஃபோர்னியாவின் தண்ணீர்ச் சட்டமே கொஞ்சம் விசித்திரம். யார் முதலில் தண்ணீர் எடுத்தாரோ அவருக்கே முன்னுரிமை. தட்டுப்பாடு வந்தால் கடைசியாக வந்தவரின் மதகைத்தான் முதலில் மூடுவார்கள். அதிலும் 1914-க்கு முன்பே தண்ணீர் எடுத்தவர்களுக்கு மாநில அனுமதிச் சீட்டே வேண்டாம். அப்படியானால், எல்லோருக்கும் முன்பே அந்தக் கரையில் இருந்த பழங்குடியினர்? வரிசை எண் கொடுத்தபோது அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஷாஸ்டா விவகாரம் சட்டசபை வரை போனது. 2024-ல் வந்த புதிய சட்டப்படி, இப்படிப்பட்ட உத்தரவை மீறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம். எடுத்த தண்ணீரின் அளவுக்கு ஏற்பத் தனியாகவும் கட்ட வேண்டும். அன்றைய 8 நாள்களை இன்று கணக்கிட்டால், நாள் கணக்கில் மட்டுமே 80,000 டாலர் வரை போகும்.

இந்த மசோதாவில் முதலில் இன்னொரு அதிகாரமும் இருந்தது: 20 நாள் காத்திராமல், பம்பை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம். விவசாய அமைப்புகளும் நீர் விநியோக அமைப்புகளும் எதிர்க்க, சட்டமாவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள்.